கூடை பத்து, லாரி ஒன்று: ஹாரி மார்க்கோவிட்ஸ் போட்ட கணக்கு

"எனக்கென்னுங்க தம்பி பயம்? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தூக்கி நிறுத்திப்போடும்" என்று ஓர் அண்ணன் அடிக்கடி சொல்வார். திருப்பூரில் நான் கணக்கு எழுதும் கம்பெனிகளில் அவருடையதும் ஒன்று. சொந்தமாக எட்டு நிட்டிங் மெஷின், சின்னதாக ஒரு சாயப்பட்டறை, துணி பின்னால் சுருங்காதபடி இறுக்கிக் கொடுக்கும் காம்பேக்டிங் யூனிட்டில் ஒரு பங்கு, மச்சான் பெயரில் பிரிண்டிங். நாலு தொழில், நாலு பில் புத்தகம், நாலு பேங்க் அக்கவுண்ட். யார் பார்த்தாலும் விவரமான ஆள் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2011 ஜனவரி கடைசியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடி, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் பாழாகி, கீழே இருந்த விவசாயிகள் பல வருஷம் கோர்ட்டு ஏறி வாங்கிய உத்தரவு அது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது; அதை இன்னொரு நாள் பேசலாம். இங்கே பார்க்க வேண்டியது அண்ணனின் நாலு பில் புத்தகங்களை. பட்டறை மூடியது. சாயம் ஏறாத துணிக்குக் காம்பேக்டிங் எதற்கு? பிரிண்டிங்குக்கு எங்கிருந்து பீஸ் வரும்? ஓட்டிய துணியைக் கொண்டுபோய்ச் சாயம் போட இடமில்லாததால் நிட்டிங் ஆர்டரும் நின்றது. ஒண்ணை இன்னொண்ணு தூக்கி நிறுத்தவில்லை. நாலும் சேர்ந்து படுத்தது.

எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று பங்குச் சந்தைக்காரர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் பழமொழி. நாமக்கல்லில் முட்டை போவது கூடையில் அல்ல, அட்டையில், அட்டைக்கு 30. அத்தனை அட்டையும் ஒரே லாரியில் ஏறிப் போகும். லாரி கவிழ்ந்தால் அட்டை பத்தா ஆயிரமா என்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? கூடையை எண்ணுகிற நாம் லாரியை எண்ணுவதில்லை.

லாரியை எண்ணுவதற்கு ஒரு கணக்கு முறையைக் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952 மார்ச்சில் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் அவருடைய 15 பக்கக் கட்டுரை வந்தபோது வயது 24. அதில் ஓர் உதாரணம் இருக்கிறது: 60 வெவ்வேறு ரயில்வே கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதைவிட, ரயில்வே கொஞ்சம், மின்சாரம் மாதிரிப் பொதுச்சேவை கொஞ்சம், சுரங்கம் கொஞ்சம், பலவகை உற்பத்தி கொஞ்சம் என்று அதே அளவுக்கு வைத்திருப்பதுதான் நன்றாகப் பிரித்துப்போட்டது ஆகும் என்கிறார். 60 என்ற எண்ணிக்கையில் பாதுகாப்பு இல்லை. ரயில்வே என்ற இடத்தில் பனியன் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள்.

அவர் பிறந்தது 1927 ஆகஸ்ட் 24, சிகாகோவில். அப்பா அம்மா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார்கள். ஒரே பிள்ளை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவே தவித்துக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தனக்கென்று ஓர் அறை இருந்தது, மந்தம் நடந்ததே தனக்குத் தெரியாது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். பஞ்ச காலத்திலும் மளிகைக் கடையில் அரிசி பருப்பு விற்கும். அந்தப் பாடம் சின்ன வயதிலேயே மனதில் பதிந்ததோ என்று எனக்குத் தோன்றும். என் ஊகம்தான், அவர் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக் காலத்தில் வயலின் வாசித்தார், டார்வினும் தத்துவ அறிஞர் ஹியூமும் எழுதியதைப் படித்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம்.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிய கதை நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். பேராசிரியர் ஜேக்கப் மார்ஷாக்கைப் பார்க்க அறைக்கு வெளியே காத்திருந்தார். பக்கத்தில் காத்திருந்தவர் ஒரு பங்குத் தரகர். பேச்சுவாக்கில் அவர், உங்கள் கணிதத்தைப் பங்குச் சந்தைக்குப் போட்டுப் பார்க்கக்கூடாதா என்று கேட்டார். இவர் உள்ளே போய் அதையே சொல்ல, மார்ஷாக் நல்ல யோசனை என்று சொல்லி, படிக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ள வணிகத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் அனுப்பினார்.

அவர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் இருந்த ஒரு புத்தகம் ஜான் பர் வில்லியம்ஸ் எழுதியது. ஒரு பங்கின் மதிப்பு, அது இனிமேல் தரப்போகும் டிவிடெண்டுகளை, அதாவது கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் கிடைப்பது என்பது அதன் சாரம். 1950இல் ஒரு நாள் பிற்பகல், நூலகத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்த மார்க்கோவிட்ஸுக்கு ஓர் இடத்தில் இடறியது. வரப்போவது நிச்சயமில்லாததால், எதிர்பார்க்கும் சராசரியைத்தான் கணக்கில் எடுக்க முடியும். சராசரி மட்டுமே முக்கியம் என்றால், எந்தப் பங்கின் சராசரி ஆகப் பெரியதோ அந்த ஒன்றில் மொத்தப் பணத்தையும் போட வேண்டும். இரண்டாவது பங்கு வாங்குகிறவன் முட்டாள் என்று ஆகிவிடும். ஆனால் விவரம் தெரிந்த யாரும் அப்படிச் செய்வதில்லையே? அப்படியென்றால் மனிதர்கள் சராசரியோடு இன்னொன்றையும் பார்க்கிறார்கள். எவ்வளவு ஆடும் என்பதை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு நிகழ்தகவுப் புத்தகத்தை எடுத்து, பலவற்றைச் சேர்த்தால் மொத்தத்தின் ஆட்டம் எவ்வளவு என்பதற்கான சூத்திரத்தைப் பார்த்தார். அங்கே விடை இருந்தது.

அந்தச் சூத்திரத்தை எழுதாமலே சொல்லிப் பார்க்கிறேன். எண்கள் என் கற்பனை; கணக்கு நிஜம்.

10 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு பனியன் கம்பெனியில் போடலாம். நூல் விலை இறங்கிய வருஷம் 30 விழுக்காடு லாபம். ஏறிய வருஷம் 10 விழுக்காடு நஷ்டம். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் சராசரி 10. ஆனால் அந்தப் பத்தைச் சுற்றி மேலே இருபது, கீழே இருபது ஆடுகிறது. இன்னொரு வழி, நூல் மில். நூல் இறங்கினால் மில்லுக்கு 5 விழுக்காடு நஷ்டம், ஏறினால் 25 விழுக்காடு லாபம். இதற்கும் சராசரி 10. ஆட்டம் மேலே கீழே பதினைந்து.

இப்போது பாதிப் பணத்தைப் பனியனிலும் பாதியை மில்லிலும் போடுங்கள். நூல் இறங்கிய வருஷம்: முப்பதையும் கழித்தல் ஐந்தையும் சேர்த்துப் பாதியாக்கினால் 12.5. ஏறிய வருஷம்: கழித்தல் பத்தும் இருபத்தைந்தும் சேர்ந்து பாதி, 7.5. சராசரி அதே 10தான், ஒரு பைசா குறையவில்லை. ஆட்டம் மட்டும் இருபதிலிருந்து இரண்டரைக்கு வந்துவிட்டது. இரண்டு முரட்டு மாடுகளை ஒரே வண்டியில் பூட்டினோம். ஒன்று இழுக்கிற பக்கத்துக்கு எதிராக மற்றது இழுத்ததில் வண்டி நேராகப் போகிறது.

மில்லை விட்டுவிட்டு, பாதிப் பணத்தை இன்னொரு பனியன் கம்பெனியிலோ பிரிண்டிங்கிலோ போட்டிருந்தால்? அதற்கும் நல்ல வருஷம் முப்பது, கெட்ட வருஷம் கழித்தல் பத்து என்று வையுங்கள். கூட்டிப் பாதியாக்கினால் முப்பதும் கழித்தல் பத்தும் அப்படியே நிற்கும். இரண்டு பில் புத்தகம் ஆனதுதான் மிச்சம்.

ப்ளஸ் டூவில் திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று படித்திருப்பீர்கள். மேலே ஆட்டம் என்று நான் சொன்னது திட்ட விலக்கம். இரண்டு சேர்ந்து ஆடுகிறதா, எதிரெதிராக ஆடுகிறதா என்பதைச் சொல்வது ஒட்டுறவுக் கெழு. கூட்டல் ஒன்று என்றால் ஒரே லாரி. கழித்தல் ஒன்று என்றால் ஒன்று ஏற ஒன்று இறங்கும் ஏற்றக்கோல். நிஜ வாழ்க்கையில் எல்லாம் இடையில்தான் இருக்கும். கூட்டல் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலே போதும், சேர்க்கும்போது ஆட்டம் குறையத் தொடங்கிவிடும். முழுக்க எதிராகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இதையெல்லாம் படிக்காமலே செய்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. காங்கேயம் பக்கம் என் அப்பாருவுக்குக் (தாத்தாவுக்கு) கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம், மானம் பார்த்த மேட்டாங்காடு, அதற்கப்பால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடு. தோட்டத்தில் மஞ்சள், காட்டில் சோளம், கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் நாலு மாடும் ஒரு பட்டி ஆடும். மழை ஏமாற்றினால் சோளம் போகும், ஆட்டை விற்றுக்கொள்ளலாம். மழை நன்றாகப் பெய்தால் ஆட்டை விற்கத் தேவையே இல்லை. மஞ்சளோ மழையைவிட ஈரோட்டு மார்க்கெட்டைப் பார்த்து ஆடும். 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் 5,000க்கும் கீழே கிடந்தது நினைவிருக்கும். 2010 விலையைப் பார்த்து மேட்டாங்காட்டுக்கும் போர் போட்டு மஞ்சள் நட்டவர்கள் பலர். வித்துக்கிழங்கு வாங்கி, ஒன்பது பத்து மாதம் காத்திருந்து, வெட்டி வேகவைத்துக் கொண்டுபோனபோது விலை இல்லை.

நாமக்கல்லில் இன்னும் சுத்தமான உதாரணம் கிடைக்கும். கோழிப் பண்ணையில் செலவில் பெரும்பங்கு தீவனம். தீவனத்தில் முக்கியம் மக்காச்சோளம். மக்காச்சோளம் ஏறினால் பண்ணைக்காரர் கையைப் பிசைவார், விளைவித்தவர் சிரிப்பார். இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தால் சிரிப்பும் பிசைதலும் ஒரே வீட்டில் முடிந்துவிடும்.

அப்பாருவுக்கும் மார்க்கோவிட்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்றால், எதில் எவ்வளவு என்று அப்பாரு கைக்கணக்கில் வைத்தார். இவர் எண்ணாகவே கேட்டார். எல்லாச் சேர்க்கைகளையும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள்: வலப்பக்கம் போகப் போக ஆட்டம் அதிகம், மேலே போகப் போக வருமானம் அதிகம். புள்ளிக் கூட்டத்தின் இடது மேல் ஓரத்தில் வளைவாக ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், அந்த ஆட்டத்துக்கு அதைவிட அதிக வருமானம் வேறெந்தச் சேர்க்கையும் தராது. திறமான எல்லைக்கோடு என்று இதைச் சொல்லலாம். கோட்டுக்குக் கீழே இருப்பவர் வீணாக ஆடுகிறார். கோட்டின் மேல் எந்த இடம் என்பது அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது.

முனைவர் பட்டத் தேர்வுக்கு வந்தபோது மார்க்கோவிட்ஸ் ஏற்கெனவே ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சிகாகோவில் வந்து இறங்கும்போது, இது நமக்குத் தலைகீழ்ப் பாடம், பெரிய பொருளாதார அறிஞரான பேராசிரியர் மில்டன் ஃபிரீட்மனாலேயே நம்மை மடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாராம். தேர்வு தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஃபிரீட்மன் மடக்கினார். கணக்கில் தப்பில்லை, ஆனால் இது பொருளாதாரமே இல்லையே, பொருளாதாரத்தில் எப்படிப் பட்டம் தருவது என்று கேட்டார். கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து மார்ஷாக் வந்து, வாழ்த்துகள் டாக்டர் மார்க்கோவிட்ஸ் என்றார். இதை நோபல் உரையிலேயே அவர் நினைவுகூர்ந்தார்: ஃபிரீட்மன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு அது பொருளாதாரத்தின் பகுதியாக இல்லை, இன்றைக்கு இருக்கிறது என்ற பொருளில். எனக்குப் பிடித்த பதில் இது. குரலை உயர்த்தாமல் முப்பத்தைந்து வருஷம் கழித்துச் சொன்னது.

யோசனை சரி, கணக்கைப் போடுவது யார்? நாலு தொழில் என்றால் ஆறு சோடி, ஒவ்வொரு சோடியின் ஒட்டுறவும் வேண்டும். 100 பங்கு என்றால் 4,950 சோடி. ராண்டில் இவரிடம் வந்து சேர்ந்த இளைஞர் வில்லியம் ஷார்ப் இதற்கு வழி கண்டார். ஒவ்வொரு பங்கையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டாம். மொத்தச் சந்தையோடு ஒரு முறை ஒப்பிட்டால் போதும். 1963இல் ஷார்ப் எழுதிய கட்டுரையின்படி, 100 பங்குக் கணக்குக்கு ஐபிஎம் 7090 கணினியில் 33 நிமிடம் பிடித்தது, அவருடைய சுருக்க வழியில் 30 விநாடியில் முடிந்தது. மியூச்சுவல் ஃபண்டுகளின் மாதாந்தர ஃபேக்ட்ஷீட்டில் ஓரமாக ஸ்டாண்டர்டு டீவியேஷன் (நாம் சொன்ன ஆட்டம்), பீட்டா (சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது), ஷார்ப் ரேஷியோ (ஆடுகிற ஆட்டத்துக்கு ஈடாக எவ்வளவு வருமானம்) என்று மூன்று எண்கள் இருக்கும். பலரும் திரும்பிப் பார்க்காத அந்த மூலையில் இந்த இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்க்கோவிட்ஸ் பங்குச் சந்தையோடு நின்றவர் இல்லை. தொழிற்சாலை ஓட்டத்தைக் கணினியில் பாவனை செய்து பார்க்க சிம்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியை உருவாக்கினார், 1962இல் ஒரு நண்பரோடு கம்பெனி தொடங்கினார், பெரும்பாலும் பூஜ்ஜியங்களாக இருக்கும் எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) வேகமாகத் தீர்க்க வழி கண்டார். இவற்றுக்கெல்லாம் சேர்த்து 1989இல் ஜான் ஃபான் நாய்மன் பரிசு. அடுத்த வருஷமே, 1990இல், வில்லியம் ஷார்ப், மெர்ட்டன் மில்லர் ஆகியோருடன் பொருளாதார நோபல். அதே 1952இல் கிட்டத்தட்ட இதே கணக்கை ஏ. டி. ராய் என்ற ஆங்கிலேயரும் எழுதியிருந்தார். என்னைத் தந்தை என்கிறார்கள், ராய்க்கும் சம பங்கு உண்டு என்று மார்க்கோவிட்ஸே பின்னாளில் எழுதினார். பரிசு வாங்கியபின் இப்படிச் சொல்ல மனசு வேண்டும். 2023 ஜூன் 22 அன்று சான் டியாகோவில் 95 வயதில் காலமானார்.

இந்தக் கணக்கில் ஓட்டையும் உண்டு. மேலே ஆடுவதையும் கீழே ஆடுவதையும் அது ஒரே மாதிரி எண்ணும்; லாபம் கூடுதலாக வந்தால் யாராவது வருத்தப்படுவார்களா? இது அவருக்கே தெரியும். 1959இல் எழுதிய புத்தகத்தில் கீழ்ப்பக்க ஆட்டத்தை மட்டும் அளக்கும் வழியையும் பேசியிருக்கிறார். அதைவிடப் பெரிய ஓட்டை, ஒட்டுறவு கல்வெட்டு இல்லை என்பது. நூல் விலை ஏறி இறங்கும்போது மில்லும் பனியனும் எதிரெதிர். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது? ஆர்டரே நின்றால் பனியன் கம்பெனிக்கு நூல் எதற்கு, மில்லுக்கு வியாபாரம் எங்கே? எதிரெதிராக இழுத்த மாடுகள் இரண்டும் ஒரே பக்கம் படுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் உலகச் சந்தைகள் பூராவும் இதைத்தான் பார்த்தன.

மோசடியையும் அது கண்டுபிடிக்காது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தன. மாதம் பிறந்தால் குறித்த தொகை கைக்கு வரும் என்பது அவற்றின் வாக்கு. கவிழும்வரை வந்துகொண்டும் இருந்தது. அந்த எண்களை இந்தக் கணக்கில் போட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? அதிக வருமானம், ஆட்டம் பூஜ்ஜியம், மொத்தப் பணத்தையும் இதிலேயே போடு. எங்கள் ஊரில் சூத்திரம் தெரியாதவர்களும் அதே விடைக்குத்தான் வந்தார்கள்.

இவ்வளவு கண்டுபிடித்தவர் தன் ஓய்வூதியப் பணத்தை எப்படிப் போட்டார் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய ஒட்டுறவுகளை எடுத்து எல்லைக்கோடு வரைந்திருக்க வேண்டும். வரையவில்லை. சந்தை ஏறி நாம் உள்ளே இல்லாவிட்டால் எவ்வளவு நொந்துகொள்வோம், சந்தை விழுந்து மொத்தமும் உள்ளே இருந்தால் எவ்வளவு நொந்துகொள்வோம் என்று நினைத்துப் பார்த்தார். பாதியைப் பங்கிலும் பாதியைக் கடன் பத்திரத்திலும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் இதையெல்லாம் அந்த அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2011க்கு அப்புறம் அவர் பட்டறையைத் திறக்கவில்லை. நிட்டிங்கும் பிரிண்டிங்கும் ஓடுகின்றன. டெலிவரி சலான் ஒன்றைத் திருப்பிப்போட்டு, எழுதுங்க அண்ணா, என்னென்ன வருமானம், ஒவ்வொண்ணும் எதைப் பார்த்து ஆடும் என்றேன். நிட்டிங், நூல். பிரிண்டிங், ஆர்டர். எழுதிவிட்டுக் கடைசியில் பேனாவைத் தட்டினார்.

"இது ஒண்ணு தனிங்க தம்பி. மங்கலம் ரோட்டுல பன்னெண்டு லைன் வீடு கட்டி வுட்டிருக்கறேன். மாசம் பொறந்தா வாடகை. நூலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"குடியிருக்கறது யாருங்கண்ணா?"

"அட, நம்ம பனியன் கம்பெனி ஆளுகதான்" என்றவர், சலானைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, லைன் வீட்டுக்கு நேராகவும் 'ஆர்டர்' என்று எழுதினார்.